புத்தேரி வரைக்கும்

வடசேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு அடுத்தது, ஒரு பூவரசு வேலி தள்ளி, அவருடைய வீடு. குதிரை வண்டி ஓட்டுகிறவர். என் வீட்டுக்காரர் அவரை அண்ணாச்சி என்பார். நானும் அப்படியே கூப்பிட்டேன். எந்தத் தொல்லையைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. "பழகீரும்" என்பார். புதுச் செருப்பு கடிக்கிறதா, பழகீரும். ரேஷன் அரிசி நாறுகிறதா, பழகீரும். கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டதா, அதுவும் பழகீரும். அவருடைய இடது காது இனிமேல் கேட்காது என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, டாக்டருக்கு இவர்தான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தாராம். கடைசியில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கவே முடியாமல் போயிற்று. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். தன் உயரத்துக்குத் தானே கூச்சப்படுகிறவர் போலக் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார். சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அவர் வீட்டைச் சுற்றி எப்போதும் குதிரைக்குக் காணம், அதாவது கொள்ளு, வேகிற மணம் இருக்கும். குரல் உயர்ந்து கேட்டதே கிடையாது. வண்டியில் சவுக்கு ஒன்று வைத்திருந்தார். சவுக்கில்லாத வண்டியில் ஏற ஆட்களுக்கு நம்பிக்கை வராது என்பதற்காக வைத்திருந்தது. சந்தைக் கூட்டத்தில் வழி விலக்க வேண்டுமென்றால் அதன் காம்பை ஓடுகிற சக்கரத்தின் ஆரக்கால்களில் கொடுத்துக் கடகடவென்று சத்தம் எழுப்புவார். அதைத் தவிர அந்தச் சவுக்குக்கு வேறு உத்தியோகம் இல்லை.

ஒரு காதுதான் கேட்கும் என்றாலும் அந்த ஒரு காது போதும் அவருக்கு. குதிரை ஓடும்போது நாலு குளம்புச் சத்தத்தில் ஒன்று இம்மி மாறினாலும் வண்டியை நிறுத்திவிடுவார். இறங்கி அந்தக் காலை மட்டும் தூக்கிப் பார்ப்பார். அங்கே ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும், அல்லது லாடத்து ஆணி தளர்ந்திருக்கும். நான் வண்டிக்குள் உட்கார்ந்து இதை இரண்டு தடவை கண்டிருக்கிறேன். வாயில்லாத ஜீவனின் வலி இந்த மனுஷனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

நான் சுசீந்திரத்துப் பெண். வடசேரியிலிருந்து சுசீந்திரம் என்ன சீமையிலா இருக்கிறது, வண்டி கட்டினால் ஒரு மணி நேரம். ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது சீமையாகத்தான் இருந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த மறு வருஷம். ஆண்கள் எல்லாம் ராஜ்யம் சேருவதையும் பிரிவதையும் பற்றித் தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கிணற்றடியில் அழுதுகொண்டிருப்பேன். குடம் நிறைவதற்குள் ஒரு பாட்டம் அழுது முடித்து, முகத்தையும் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வருவேன். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. "நாலு மாசம் பொறு மக்களே. பொறவு ஒன்னயச் சுசீந்திரத்துல கொண்டு விட்டாலும் இங்க வரணும்னு நிப்பே. பழகீரும்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த மார்கழித் தேருக்கு அம்மா வீட்டுக்குப் போனவளுக்கு மூன்றாம் நாளே இருப்புக் கொள்ளவில்லை. பாலுக்கு உறை ஊற்ற மோர் எடுத்து வைத்தேனா, கொடியில் துணி கிடக்கிறதா என்று வடசேரி நினைப்பாகவே இருந்தது. திரும்பி வந்ததும் வேலியோரம் நின்று அவரிடம் சொன்னேன். பிள்ளை பரீட்சையில் தேறியதைக் கேட்ட தகப்பன் போலச் சிரித்தார். அன்று முதல் நான் அவருக்குச் சாட்சி. அவருடைய மருந்தை எவராவது சந்தேகப்பட்டால், "அடுத்த வீட்டுப் பிள்ளைகிட்ட கேட்டுப் பாரு" என்று என்னைக் கை காட்டிவிடுவார். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். என் வீட்டுக்காரர் சாது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட மறுநாள்தான் சொல்வார். மாமியார் என்று ஒருத்தி இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் பழகுவதற்கு என்ன கஷ்டம்? இது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அவருடைய பழைய குதிரை செத்த பிறகு திருநெல்வேலித் தரகர் ஒருவர் மூலம் புதுக் குதிரை வந்தது. சென்னையில் பந்தயத்தில் ஓடினதாம். நாலு வயதுதான். ஓடின பந்தயத்திலெல்லாம் கடைசியாக வந்ததால் தள்ளிவிட்டிருந்தார்கள். நல்ல செம்பழுப்பு நிறம், நீள நீளமான கால்கள். எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியபோது மற்ற வண்டிக் குதிரைகள் எல்லாம் ஆட்டுக்குட்டிகளாகத் தெரிந்தன. அதன் உயரத்துக்கு வண்டியின் ஏர்க்காலையே மாற்றிப் போட வேண்டியிருந்தது. அதற்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் காகிதத்தில் எழுதி வந்திருந்தது. தெருவில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. அவர் அதையும் மக்களே என்றுதான் கூப்பிட்டார். பெற்ற மகள், நான், குதிரை, எல்லாரும் அவருக்கு மக்களேதான்.

பத்து நாள் கொட்டிலில் நின்று தின்றது. பதினோராம் நாள் வண்டியில் பூட்டினார். தெருமுனை வரை மாப்பிள்ளை ஊர்வலம் போலப் போயிற்று. அங்கே நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. தட்டிக்கொடுத்தார், பேசிப் பார்த்தார், இறங்கி முன்னால் நின்று இழுத்தார். அது முன்னங்காலைத் தூக்கி எழும்பி, வண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே பறந்தது. பந்தயத்தில் அப்படி ஓடியிருந்தால் விற்றிருக்கவே மாட்டார்கள். கொட்டில் வாசலில் வந்து நின்று, முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படித்தான். தெருமுனைக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை என்று அது முடிவு செய்துவிட்டது.

ஊர் சிரித்தது. அண்ணாச்சி இனி வீட்டைச் சுற்றியே பந்தயம் விடலாம் என்றார்கள். சந்தையடியில் வண்டி ஓட்டுகிற இன்னொருவர் வந்து, வாலுக்கடியில் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்திக் காட்டினால் கன்னியாகுமரியில் போய்த்தான் நிற்கும் என்று உபாயம் சொன்னார். இவர் கேட்டுக்கொண்டு, அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஓடி ஓடி அடிபட்ட ஜீவன் மக்களே. இப்பம்தான் நிக்கதுக்கு ஒரு எடம் கெடச்சிருக்கு. அதை விட்டுட்டு வான்னா எப்பிடி வரும்? அதுக்குத் திமிரு இல்ல கேட்டியா. பயம். போனா திரும்பி வர முடியாதோன்னு பயம்."

மறுநாளிலிருந்து வண்டி கிடையாது. வெறும் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருமுனைக்குப் பத்தடி இருக்கும்போதே, அது நிற்பதற்கு முன்பே, அவரே திருப்பிக் கூட்டிவந்துவிடுவார். மறுநாள் ஒன்பதடி. ஒரு வாரம் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன வித்தை என்று கேட்டேன்.

"அது திரும்பணும்னு நெனைக்கதுக்கு முந்தி நான் திருப்பிரணும். அப்பம் அதுக்கு என்ன தெரியும்? இந்த ஆளுகூடப் போனா எப்பிடியும் வீட்டுக்கு வந்துரலாம்னு தெரியும். அது மட்டும் தெரிஞ்சிட்டா பொறவு எவ்வளவு தூரம்னாலும் வரும்."

இன்னொன்றும் செய்தார். வீட்டில் அதற்குப் புல்லும் வைக்கோலும்தான். வெந்த காணத்தையும் கருப்பட்டித் துண்டையும் துணிப்பையில் கட்டி எடுத்துப் போய், அன்றைக்கு எது கடைசி இடமோ அங்கே வைத்துக் கொடுப்பார். வீட்டில் வைத்துக் கொடுத்தால் அது வீட்டைத்தான் தேடும் என்றார். ஒரு மாதத்தில் குதிரை தெருமுனை தாண்டியது. பிறகு வண்டியோடு தாண்டியது. பிறகு சந்தை. கார்த்திகை பிறந்தபோது, "இன்னைக்குப் புத்தேரி வரைக்கும் போச்சு மக்களே" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார். புத்தேரி என்பது வடசேரிக்கு வடக்கே, பூதப்பாண்டிப் பாதையில், பெரிய குளம் ஒன்று உள்ள ஊர். அடுத்த ஊர்தான். ஆனால் அவர் சொன்ன தோரணையில் அது காசியாகக் கேட்டது.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். பல வருஷம் கழித்து என் மூத்த பையன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தெருவில் புரண்டு அழுதான். அவர் அப்போது வெளியே வந்தார். நான் வழக்கம்போல, "பழகீரும்லா அண்ணாச்சி" என்றேன், அவர் சொல்ல வேண்டியதை நானே எடுத்துக் கொடுக்கிறதாக நினைத்து. அவர் என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

அவருக்கு ஒரே மகள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள்; இவரே சமைத்துப் போட்டு, இவரே தலை பின்னிவிட்டு வளர்த்தார். அந்தப் பின்னல் எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். என்னைவிட இரண்டு வயது இளையவள். என்னை மைனி என்பாள்; அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. அவள் சிரித்தால் எங்கள் அடுக்களை வரை கேட்கும். முந்திரிக்கொத்து என்றால் உயிரை விடுவாள். அவர் பயறு வறுத்துத் திரித்து, பாகு காய்ச்சி, பொம்பளை தோற்றாள் என்கிற மாதிரி சுட்டு எடுப்பார். பூதப்பாண்டியில் நெல் வியாபாரம் செய்கிற வீட்டில் அவளைக் கட்டிக் கொடுத்தார்.

கல்யாணமான ஏழாம் மாதம், குதிரை புத்தேரி வரை போகத் தொடங்கியிருந்த அதே கார்த்திகையில், ஒரு காலை வேளையில் அவள் பூதப்பாண்டியிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். கையில் துணி மூட்டை. முழங்கைக்கு மேலே சூட்டுக் காயம், தோசைத் திருப்பியின் அகலத்தில். புருஷன் கை ஓங்குகிறவன், மாமியார் அவனுக்கு எடுத்துக் கொடுக்கிறவள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: "நான் இனிப் போமாட்டேன்ப்பா."

அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, சோறு போட்டார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கட்டிக் கொடுத்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அந்த நாலு பேருமே வந்து சொன்னார்கள். ஒரு நாள் அவளுடைய பெரியப்பா முறைக்காரர் ஒருவர் வற்புறுத்தி வில்வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். சந்தை முக்கு வந்ததும் அவள் இறங்கி, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். தெருவில் யாரோ, "அண்ணாச்சி வீட்டுல எல்லாமே தெருமொனை தாண்டாது போல" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கொட்டிலில் நின்ற குதிரையை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் அது அவர் மனதில் விழுந்திருக்க வேண்டும்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம் அவளிடம் கேட்டார்: "சும்மா காத்தாடப் புத்தேரி வரைக்கும் போய்ட்டு வருவமா மக்களே?"

போனார்கள், விளக்கு வைப்பதற்குள் வந்துவிட்டார்கள். குளத்துத் தாமரை இரண்டு கொண்டுவந்து எனக்கு ஒன்று கொடுத்தாள். அடுத்த வாரம் அதற்கும் அப்பால் இறச்சகுளம். அதற்கு அடுத்து பூதப்பாண்டிக் கோயில். சாமி கும்பிட்டுவிட்டு, அவள் முகம் மாறுவதற்குள் அவரே, கிளம்புவோம் என்று வண்டியைத் திருப்பிவிட்டார். பிறகு ஒரு நாள் அந்த வீட்டு வாசல். அவள் இறங்கவில்லை, வண்டியில் இருந்தபடியே இரண்டு வார்த்தை. பிறகு ஒரு நாள் இறங்கித் தண்ணீர் குடித்தாள். பிறகு ஒரு நேரம் சாப்பாடு. அவர் கூடவே இருந்து கூடவே கூட்டிவந்தார். ஆனி மாதத்தில்தான் முதல் முறையாக அவளை ஒரு நாள் அங்கே விட்டுவிட்டு வந்தார். மறுநாள் போய் அழைத்து வந்துவிட்டார்.

அந்த நாட்களில் இவர்கள் வீட்டில் முந்திரிக்கொத்து சுட்டால் ஒன்றுகூட வெளியே இருக்காது. எல்லாம் டின்னுக்குள் போகும், டின் வண்டிக்குள் போகும். பூதப்பாண்டியில் போய்த்தான் மூடியைத் திறப்பார். இங்கே அவளுக்குக் கஞ்சியும் பயறும். நான் இதைக் கவனித்தேன். அப்போதே எனக்கு மனது பதறிற்று என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பதறவில்லை. கெட்டிக்கார மனுஷன், சண்டை சச்சரவு இல்லாமல் பிள்ளையைக் கரை சேர்க்கிறார் என்று என் வீட்டுக்காரரிடம் மெச்சிக்கொண்டேன்.

அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் கிணற்றடியில் குடத்தை விளக்கிக்கொண்டே, "அப்பா என்னையும் பழக்குதாங்களோ மைனி?" என்றாள்.

நான் சிரித்தேன். "பழகினா நல்லதுதானே ஏட்டி. நான் அழாத அழுகையா? எனக்குப் பழகல்லியா?"

அவள் கை நின்றது. "ஒங்களுக்கு வாய்ச்சது எங்க அண்ணன்லா" என்றாள். என் வீட்டுக்காரரைத்தான் அப்படிச் சொன்னாள். குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் என் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நான் அவள் பின்னாலேயே போய் அவருடைய வாசலில் நின்று, அண்ணாச்சி இதை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவருடைய சாட்சி நான்தானே, நான் சொன்னால் கேட்டிருப்பார்.

அவருடைய அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த ஐப்பசியில் மழை ஊற்றி, புத்தேரிக் குளம் ரோட்டுக்கு மேலே வந்துவிட்டது. பஸ் நின்றுபோயிற்று. அவளை மூன்று நாள் என்று சொல்லி விட்டு வந்திருந்தார். அன்றைக்கு மூன்றாம் நாள். போகாதீர்கள், வெள்ளம் வடியட்டும் என்று என் வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். "மூணு நாள்னு சொல்லியிருக்கேன். நாலாம் நாள் ஆயிட்டுன்னா அவ பொறவு என்னய நம்பமாட்டா" என்று வண்டியைப் பூட்டிவிட்டார். அச்சு முங்குகிற தண்ணீரில் குதிரை போயிற்று. தெருமுனை தாண்ட மறுத்த அதே குதிரைதான். சாயங்காலம் படுதாவைப் போர்த்தி அவளை ஒரு துளி நனையாமல் கொண்டுவந்து சேர்த்தார். அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். அவள் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாளாம். காய்ச்சலோடு அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மூன்று நாள் ஒரு வாரமாயிற்று. ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. சொன்ன நாளுக்கு ஒரு நாள் பிந்தினதில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு வருஷம் ஒன்று திரும்பி, மறுபடி கார்த்திகை. ஒரு நாள் பூதப்பாண்டிக்கு அவளை அழைக்கப் போனவர் தனியாகத் திரும்பி வந்தார். நேரே வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"மூட்டை கெட்டி வைக்கல்ல மக்களே. நான் போய் நிக்கேன், 'நெல்லு அவிச்சுப் போட்டிருக்குப்பா, இன்னொரு வாரம் கழிச்சு வாங்க'ன்னு சொல்லுகா. பழகிட்டு."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குப் பால் பாயசம் வைத்து ஒரு செம்பு நிறைய வேலிக்கு மேலே எடுத்துக் கொடுத்தேன். குதிரைக்கும் ஒரு வாய் கொடுத்தார்.

பிறகு பொங்கலுக்குத்தான் அவளை அழைத்து வந்திருந்தார். அவர்கள் வீட்டுக்குக் கரும்பு கொடுக்கப் போனவள் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் முற்றத்தில் பொங்கல் பானையை ஏற்றி, அடுப்புக்குச் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலையைச் சாய்த்து, கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பினார். துருவுகிற சத்தம் சீராக இல்லை. இரண்டு இழுப்பு, ஒரு தயக்கம், மறுபடி இரண்டு இழுப்பு. நான் அதுவரை கவனிக்கவே இல்லை. அவர் எழுந்து போய், குதிரையின் காலைத் தூக்குகிற மாதிரியே அவள் வலது கையை எடுத்துப் பார்த்தார். நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. ஒடிந்து, வைத்தியம் இல்லாமல், கோணலாகக் கூடியிருந்தன.

"என்ன மக்களே இது?"

"கதவுல மாட்டிச்சுப்பா."

"எப்பம்?"

"பொரட்டாசியில."

புரட்டாசிக்குப் பிறகு அவர் மூன்று தடவை பூதப்பாண்டிக்குப் போயிருந்தார். மூன்று தடவையும் அவள் அந்தக் கையால்தான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் பாயசம் வைத்தது கார்த்திகையில். அவர் கையை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பானை பொங்கி வழிந்ததை நான்தான் ஓடிப் போய்ப் பார்த்தேன். நான் திரும்பி வந்தபோது, "இனி நீ அங்க போவாண்டாம்" என்றார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். மீதித் தேங்காயைத் துருவி முடித்தாள்.

மறுநாள் அவர் முந்திரிக்கொத்து சுட்டார். ஒன்றைக்கூட டின்னில் போடவில்லை. பெரிய தாம்பாளத்தில் குவித்து அவள் முன்னால் வைத்தார். அவள் ஒன்றை எடுத்துப் பாதி தின்றாள். நல்லா இருக்குப்பா என்றாள். மீதியை இலையில் பொதிந்து எடுத்து வைத்தாள், அங்கே மாமியாருக்கு என்று. அவள் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். விடிவதற்கு முன்பே எழுந்து முற்றம் பெருக்கி, தண்ணீர் எடுத்து, அடுத்த வேலை எது என்று அடுக்களை வாசலில் வந்து நிற்பாள். கதவு காற்றில் அடித்தால் எழுந்துவிடுவாள். நான் ஏதோ வேடிக்கை சொன்னேன். சிரிப்பதற்கு முன்னால் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டாள். அவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு நாளும் சவாரிக்குப் போகவில்லை.

ஏழாம் நாள் காலையில் சந்தைக்குப் போகலாம் என்று வண்டியைப் பூட்டி நிறுத்தியிருந்தார். நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குளித்து, தலை முடிந்து, மூட்டையோடு வெளியே வந்தாள்.

"எங்க மக்களே?"

"நாளாச்சுல்லாப்பா. தேடுவாங்க."

"போவாண்டாம்னு சொன்னேன்லா."

"எனக்கு அங்க பழகிட்டுப்பா." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. உலையில் அரிசி போட்டாயிற்று என்பது போலச் சொன்னாள். "இங்க இருந்தா, வேற யாரு வீட்டுலயோ இருக்கது மாதிரி இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மக்களே. நீ சொன்னா கேப்பா" என்றார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை நான் ஏற்கெனவே கிணற்றடியில் சொல்லி முடித்திருந்தேன். கோலப் பொடிக் கையோடு நின்றேன். போய்க் குதிரையின் முகக்கயிற்றையாவது பிடித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அவள் வண்டியின் பின்பக்கம் ஏறி, மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அவளிடம் பேசி இறக்குவதற்காகத்தான் அவரும் முன்பக்கம் ஏறினார். ஏறி, அவள் பக்கம் திரும்பி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடிவாள வார் முன்பலகையில் சும்மா கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் ஆள் ஏறின கனம் தெரிந்ததும் குதிரை தானாக நடக்கத் தொடங்கியது. தெருமுனையில் அது நிற்கவில்லை. சந்தைக்கும் போகவில்லை; புத்தேரிப் பாதையில் திரும்பிவிட்டது.